அப்பாயி போட்டோவில் இருந்த வெங்காயக் கலர்

2017 தை மாதம் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மூன்று மாதத்துக்கு முன்பே போனில் படங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். அதில் ஒரு படம் மனதை விட்டுப் போகவே இல்லை. உடல் முழுக்கச் சரிகை ஓடும் அரக்குப் பட்டு, கழுத்தை இறுக்கிப் பிடித்த அகலமான கெம்பு சோக்கர், அதற்குக் கீழே மாங்காய் மாலை, அதற்கும் கீழே காசுமாலை, தோளைத் தொடுகிற ஜிமிக்கி, இடுப்பில் ஒட்டியாணம். இதே மாதிரி நானும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். புடவைக்கு ஒரு வருடச் சேமிப்பு போனது. நகை செட்டை ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன்.

முகூர்த்தத்துக்கு உட்கார்ந்தபோதே கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காது மடல் இழுத்து வலித்தது. மதியச் சாப்பாட்டுக்குள் கழுத்தில் பச்சையாக ஒரு வளையம் விழுந்துவிட்டது. அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் செட்டைக் கழற்றித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பதினைந்து நாள் கழித்து ஆல்பம் வந்தது. நான் ஆசைப்பட்ட எல்லாமே படத்தில் இருந்தன, என் முகம்தான் அவற்றுக்கு நடுவே எங்கேயோ அமுங்கியிருந்தது. எனக்குக் குட்டையான கழுத்து. போனில் பார்த்த பெண்ணுக்கு நீளமான கழுத்து. மூன்று மாதம் அந்தப் படத்தைப் பார்த்தவள் ஒரு நாள்கூட கண்ணாடி முன்னால் நின்று என் கழுத்தைப் பார்க்கவில்லை.

ஆல்பம் பார்த்தது சித்தப்பா வீட்டுக் கூடத்தில். பக்கத்துச் சுவரில் அப்பாயியின், அதாவது அப்பாவுடைய அம்மாவின் போட்டோ மாட்டியிருந்தது. 1962-இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பிறந்ததில் இருந்து பார்த்த படம்தான், ஆனால் உடை என்று நினைத்து அதைப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். கட்டம் போட்ட புடவை. நாலு விரல் அகலத்துக்குக் கருப்பாகத் தெரியும் கரை. கரைக்குப் பொருந்துகிற மாதிரி அதே கருமையில் ரவிக்கை. கழுத்தில் ஒரு அட்டிகை. தாலிச் சங்கிலி ரவிக்கைக்குள். மூக்கில் பேசரி, காதில் தோடும் ஜிமிக்கியும், கைக்கு இரண்டு வளையல். அவ்வளவுதான். கூடத்தில் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அவர் முகம். அப்பாயிக்கும் என்னை மாதிரியே குட்டைக் கழுத்து!

அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தேன். பெரிதாக்கி, சின்னதாக்கி, பல நாள் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாததால் வேறொன்று தெரிந்தது: எது வெளுப்பு, எது கருப்பு, எங்கே நிரம்பியிருக்கிறது, எங்கே காலியாக இருக்கிறது. உடல் நடுத்தரம், கரை கருப்பு, ரவிக்கை கருப்பு. அந்தக் கருப்புக்கு மேலே முகம் விளக்கு மாதிரி எழுந்து நின்றது. அப்புறம் என் கல்யாண வீட்டுப் படத்தையும் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். புடவை, சரிகை, நகை, முகம் எல்லாம் ஒரே சாம்பல். ஏன் அமுங்கிப்போனேன் என்பது அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அன்று முதல் முக்கியமான இடத்துக்குக் கிளம்பும்போது இதைச் செய்கிறேன். கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கினால் போதும். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது முகத்தில் இருந்து பிரிந்து தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் ரவிக்கையை மட்டும் மாற்றுவேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கிறது.

நிறம் என்ன என்று கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்பாயியின் தங்கை, எங்களுக்குச் சின்ன அப்பாயி. மயிலாடுதுறையில் இருந்தார். அடுத்த விடுமுறைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். கருநீலம் என்று நானே கற்பனை செய்து வைத்திருந்தேன்.

“அது வெங்காயக் கலரு ஆத்தா. கரை அரக்கு. கூறைநாட்டுப் புடவை. உங்க தாத்தா அறுப்பு முடிஞ்சு வாங்கிக் குடுத்தது.”

கூறைநாடு மயிலாடுதுறைக்குள்ளேயே இருக்கிறது. பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்கிற புடவைக்குப் பேர் போன இடம். சரி, அட்டிகை இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். சின்ன அப்பாயி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அது நம்மளோடது இல்லயே. எதிர் வீட்டு அக்கா கழட்டிக் குடுத்தா, போட்டோவுக்குப் போறப்ப. சாயங்காலம் வந்ததும் முதல் வேலையா திருப்பிக் குடுத்துட்டு வந்தா. காதுல இருக்கறது மட்டுந்தான் அவளுது.”

இத்தனை வருடம் அந்தப் படத்தை எங்கள் வீட்டுச் செழிப்பின் அடையாளம் என்று நினைத்திருந்தேன். அப்பாயியின் அழகு அந்த அட்டிகையில் இல்லை, அதை எங்கே நிறுத்தினார் என்பதில் இருந்தது என்று எனக்குப் பட்டது. ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய நகையை, தன் உடம்புக்கு ஏற்ற இடத்தில், தன் புடவைக்கு ஏற்ற அளவில் போட்டுக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு நாள் போடுகிற பெரிய நகைகளை வாங்குவதை விட்டேன். எங்கள் பள்ளியில் நாங்கள் நான்கு ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். யாரிடம் எது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கொடுக்கும்போது எப்படி இருந்ததோ அதே மாதிரி துடைத்து, பஞ்சில் சுற்றி, மறுநாளே திருப்பிவிட வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குள் கட்டாயம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நோட்டு போட்டேன். நூறு பக்கம், கோடு போடாதது. பிடித்ததைப் பார்த்தால் படம் எடுப்பதற்குப் பதில் அதில் வரைவேன். எனக்கு நன்றாக வரைய வராது, கோட்டுப் படம்தான். ஆனால் வரையும்போது ஜிமிக்கியின் குடை எத்தனை அடுக்கு, கீழே தொங்கும் முத்து எத்தனை என்று எண்ண வேண்டியிருக்கிறது. போனில் நூறு படம் சேர்த்தபோது ஒன்றைக்கூட நான் எண்ணிப் பார்த்ததில்லை. நோட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு இடத்தில் இருந்து ஒன்றை மட்டும்தான் எடுக்கலாம். புடவை பிடித்தால் புடவை, கொண்டை பிடித்தால் கொண்டை. மொத்த ஆளையும் எடுக்கக்கூடாது. பக்கத்திலேயே ஏன் பிடித்தது என்று ஒரு வரி. “அழகாக இருந்தது” என்று எழுதினால் அது கணக்கில் இல்லை. “கரை உடலைவிட இரண்டு மடங்கு கருப்பு” என்று எழுதினால் கணக்கு.

நோட்டின் பாதிப் பக்கங்கள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிரம்பியவை. 1951-இல் தொடங்கிய கூடம் அது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வரிசையாக நிற்கும். மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது திருவெண்காட்டில் இருந்து வந்த ரிஷபவாகனர் முன்னால் நின்றேன். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, பாம்பை அதில் வளைத்துவிட்டிருப்பார்கள். ஒரு காலை மறுகாலின் குறுக்கே வைத்து, பக்கத்தில் இல்லாத ரிஷபத்தின் மேல் கையைச் சாய்த்து நிற்பார். ரிஷபம் கிடைக்கவில்லை, கை மட்டும் அந்தரத்தில் இருக்கிறது. மாணவிகள் வெளியே போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மறுவாரம் தனியாக நோட்டுடன் வந்தேன். பிறகு பல சனிக்கிழமைகள்.

அந்தச் சிலைகளில் நகை நிறைய இருக்கிறது. கழுத்தில் ஆரங்கள், மேல் கையில் வளை, மணிக்கட்டில், இடுப்பில், கணுக்காலில், விரல்களில்கூட மோதிரம். ஆனாலும் நெரிசலாகத் தெரியவில்லை. ஏன் என்று வரைந்து பார்த்தபோது புரிந்தது. உடம்பு மடங்குகிற, ஒடுங்குகிற இடங்களில்தான் நகை உட்கார்கிறது. நடுவில் தோள், மார்பு, வயிறு, முன்கை எல்லாம் வழவழவென்று சும்மா விடப்பட்டிருக்கின்றன. அந்தச் சும்மா இருக்கிற இடத்தால்தான் நகை தெரிகிறது. என் கல்யாண வீட்டுப் படத்தில் தாடை முதல் இடுப்பு வரை சும்மா இருந்த இடம் ஒரு விரல் அளவுகூடக் கிடையாது.

வகுப்பில் நாள் முழுக்க நின்றுகொண்டு எழுதிப்போடுகிற வேலை என்னுடையது. இதை அங்கேதான் முதலில் சோதித்தேன். சாதாரணக் கைத்தறிப் பருத்திப் புடவை, கழுத்தில் ஒன்றும் இல்லை, காதில் கொஞ்சம் பெரிய தோடு. இன்னொரு நாள் காதில் சின்னக் கல், கழுத்தில் ஒரு நீளமான பாசிமணி மாலை. ஒரு நாளைக்கு ஒரு இடம்தான் பேச வேண்டும். அரை வருடத்தில் என் கைக்குப் பழகிவிட்டது. காலையில் என்ன போடுவது என்று யோசிக்கிற நேரமும் குறைந்தது.

அப்புறம் காது விஷயம். அப்பாயியின் ஜிமிக்கி ஜோடியில் ஒன்று எப்போதோ ஒரு திருவிழாவில் விழுந்துபோய்விட்டது. மிஞ்சிய ஒன்று பெரியம்மாவிடம் இருந்தது. “ஒத்தையை வச்சு என்ன பண்றது, அழிச்சுடலாம்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அழிக்க மனசு வரவில்லை, போட வழியும் தெரியவில்லை, பெட்டியிலேயே கிடந்தது. கலைக்கூடத்தில் நடராசரை வரைந்துகொண்டிருந்தபோது காதுகள் இரண்டும் ஒன்றாக வரவில்லை என்று அழித்து அழித்து வரைந்தேன். பிறகுதான் உறைத்தது, சிலையிலேயே இரண்டும் ஒன்றாக இல்லை. வலக்காதில் மகர குண்டலம், இடக்காதில் வட்டமான தோடு. சிவனின் இடப்பாகம் அம்மை, அதனால் அந்தக் காதுக்குப் பெண் அணியும் தோடு. சம்பந்தர் பாடிய முதல் தேவாரமே ‘தோடுடைய செவியன்’ என்றுதான் தொடங்குகிறது. சின்ன வயதில் இருந்து சொல்லி வருகிற வரி. காதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது கண்ணுக்கு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வலக்காதில் அப்பாயியின் ஒற்றை ஜிமிக்கி, இடக்காதில் என்னுடைய முத்துத் தோடு போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். “டீச்சர், ஒரு காதுல கழண்டு விழுந்துடுச்சு” என்று முதல் பாடவேளை முடிவதற்குள் ஆறு பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். ஓய்வறையில் ஒருவர் கீழே குனிந்து தேடவே தொடங்கிவிட்டார். சாயங்காலம் வீட்டில் கண்ணாடியில் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஒன்று பொன், சிவப்புக் கல், கனம். மற்றது வெள்ளை, லேசு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சிலையில் வடிவம்தான் வேறு. உலோகம் ஒன்று, கனம் ஏறக்குறைய ஒன்று, செய்த கை ஒன்று.

ஜிமிக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் நகை செய்கிற பத்தரிடம் போனேன். அவர் குறட்டால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதே மாதிரி இன்னொண்ணு பண்ணா புதுசு புதுசாத்தான் தெரியும் டீச்சர். பழசு பக்கத்துல நிக்காது. வேற உருவமா பண்ணுங்க, கல்லை மட்டும் இதே சிவப்புல தேடிப் புடிப்போம்.” மேலே இருக்கிற கல்லின் அளவையும் நிறத்தையும் அப்படியே வைத்து, இடக்காதுக்கு வட்டத் தோடு ஒன்று செய்து கொடுத்தார். ஜிமிக்கியின் கனத்துக்குக் காது இழுக்காமல் இருக்க மாட்டல் ஒன்று. அதை மாட்டி முடியில் செருகிவிட்டால் பாதி கனத்தை முடி தாங்கிக்கொள்கிறது. பெரிய ஜிமிக்கி ஆசைப்படுகிறவர்கள் இதைச் செய்யாமல் போடாதீர்கள், காது ஓட்டை நீண்டுவிட்டால் தையல்தான். இப்போது அந்த ஜோடியைப் போட்டால் யாரும் கீழே குனிந்து தேடுவதில்லை. எங்கே வாங்கியது என்றுதான் கேட்கிறார்கள்.

பத்தரிடம் செய்யக் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடையை உங்கள் முன்னாலேயே போடச் சொல்லுங்கள், கல் எடையைத் தனியாக எழுதி வாங்குங்கள். கல்லின் எடைக்குப் பொன் விலை கொடுக்கக்கூடாது. சேதாரம், செய்கூலி எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். கடையில் புதிதாக வாங்கினால் 22 காரட்டுக்கு 916 முத்திரையும், 6 எழுத்தும் எண்ணும் கலந்த ஹால்மார்க் அடையாள எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் ஹால்மார்க் தங்கம் விற்க அந்த எண் கட்டாயம்.

பெரிய கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். கல்வெட்டில் நகைக் கணக்கு இருக்கிறது என்பது இந்த நோட்டுக்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது. 1010-ஐ ஒட்டி ராஜராஜனும் அவர் அக்காள் குந்தவையும் கோயிலுக்குக் கொடுத்த நகைகளை, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை முத்து, எத்தனை கல் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியம் எடை இல்லை. முத்துக்கு அவர்களிடம் இருந்த பெயர்கள். வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, சப்பத்தி என்று போகிறது. நாம் எல்லாவற்றையும் முத்து என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பெயர் இருந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும், கடையில் கேட்கவும் வாய் வரும்.

புடவைக்கடையில் நான் “ஒரு மாதிரி பச்சை” என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் உண்டு. எடுத்துப் போடுகிறவர் பாவம் இருபது பச்சையைப் பிரித்துப் போடுவார். நெசவுக்காரர்கள் வாயில் அந்தக் குழப்பம் இல்லை. கிளிப்பச்சை, இலைப்பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், வெந்தயக் கலர், கத்திரிப்பூ, வாடாமல்லி, அரக்கு, சந்தனம். காஞ்சிபுரத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் ஒரு நீலத்துக்கே எம்.எஸ். நீலம் என்று பெயர் நின்றுவிட்டது. கட்டங்களுக்கும் அப்படித்தான்: சிவப்பும் வெள்ளையும் கலந்து வந்தால் பாலும் பழமும். கரையில் மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, கோபுரம். இந்தப் பெயர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பொருள். மயிலையும் வெந்தயத்தையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது என்று.

அப்படிப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் பூக்கடை. தஞ்சாவூர்க் கதம்பத்தைக் கையில் வாங்கியதும் கொஞ்ச நேரம் பாருங்கள். மல்லிகையின் வெள்ளை நிறைய, மரிக்கொழுந்தின் பச்சை அங்கங்கே, கனகாம்பரத்தின் ஆரஞ்சு கொஞ்சம். கனகாம்பரத்தைச் சரிபாதி வைத்துக் கட்டினால் கண் கூசும். கொஞ்சமாக இருப்பதால்தான் அது சுடர்கிறது. கனகாம்பர நிறத்தில் ஒரு பட்டுப் புடவை கட்டிப் பார்த்து, எனக்கு ஒத்துவராமல் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம் வெள்ளைக்குப் பக்கமான சந்தனப் பருத்திப் புடவைக்குக் கனகாம்பர நிறத்தில் ரவிக்கை தைத்தேன். கரையில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. கதம்பத்தின் அளவு அப்படியே. என்னிடம் இருப்பதிலேயே அதிகம் கட்டிய சேர்க்கை அதுதான். ரவிக்கைத் துணி ஒரு மீட்டர். புது நிறத்தைப் பழக அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

நகை நீளத்துக்கும் ஒரு மலிவான வழி உண்டு. அது சுவாமிமலையில் கிடைத்தது. அங்கே சிலை செய்கிற ஸ்தபதிகள் வேலையைத் தொடங்கும் முன் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிக்கிறார்கள். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, தொப்புள் இங்கே என்று அந்த ஓலை மடிப்பு சொல்லிவிடும். அதன் பிறகுதான் மெழுகில் கை வைப்பார்கள். வீட்டுக்கு வந்து நான் தையல் நூலை எடுத்தேன். 14 அங்குலம், 16, 18, 20, 24, 30 என்று நறுக்கி, ஒவ்வொன்றாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். 14 அங்குலத்தில் என் கழுத்தே காணாமல் போகிறது. 18 அங்குலம் காறை எலும்புக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி உட்கார்கிறது, கழுத்து நீண்டு தெரிகிறது. அப்பாயியின் அட்டிகையும் அதே இடத்தில்தான் இருக்கிறது, போட்டோவில் அளந்துவிட்டேன். 24 அங்குலம் எனக்கு எதற்கும் ஒத்துவராத அளவு. 30 நன்றாக இருக்கிறது, ஆனால் வகுப்பில் குனிந்தால் மேசையில் இடிக்கும். ஒரு ரூபாய்க்குக் குறைவான நூல் இது. 2017-இல் செய்திருந்தால் அந்தச் சோக்கரை வாங்கியே இருக்க மாட்டேன்.

கெம்பின் மேல் எனக்கு ஆசை போகவில்லை. ஒரு முறை கழுத்தில் பச்சை படிந்ததற்காக அதை வெறுக்க முடியுமா? நாகர்கோவில் வடசேரியில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் நகை செய்கிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. வெள்ளியில் சட்டம் கட்டி, சிவப்புக் கல் பதித்து, பொன் பூசிச் செய்கிற வேலை. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் தலையில் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை என்று வைப்பது இந்த நகைதான். பார்க்கக் கற்றுக்கொண்டது இது: முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல வேலை பின்னாலும் வழுவழுப்பாக இருக்கும். விரலை ஓட்டினால் குத்தாது. கல் பசையில் ஒட்டியதா, விளிம்பு மடித்துப் பிடித்ததா என்பது பக்கவாட்டில் தெரியும். எந்த உலோகம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். சென்ட் அடித்து உலர்ந்த பிறகு நகை, கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் வியர்வையைத் துடைத்துத் தனித்தனியாகச் சுற்றி வைக்க வேண்டும். இப்போது என்னிடம் ஒரே ஒரு கெம்பு பதக்கம் இருக்கிறது. சிவப்புப் பட்டுக் கயிற்றில் கோத்து, 18 அங்குலத்தில்.

கடைசியில் வெங்காயக் கலருக்கு வருகிறேன். சின்ன அப்பாயி சொன்ன நாளில் இருந்து அந்தப் புடவை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைகளில் தேடினேன். வெங்காயம் இருந்தால் கட்டம் இல்லை, கட்டம் இருந்தால் கரை வேறு. திருபுவனம் பக்கம் பட்டும் பருத்தியும் கலந்து நெய்கிற ஒருவர் வீட்டுக்கு உடன் வேலை பார்க்கும் ஆசிரியை அழைத்துப் போனார். படத்தையும் நோட்டையும் காட்டினேன். அவர் ஒரு பெரிய வெங்காயத்தை உள்ளே இருந்து எடுத்து வரச் சொன்னார். “வெங்காயத்துல எந்த இடம் டீச்சரம்மா? மேல் தோலா, அதுக்கு அடுத்த தோலா?” நான் அதை யோசித்ததே இல்லை. தோலை உரித்து உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூன்றாவது தோல் என்று முடிவு செய்தோம். அந்த நிறம் ஒரே நூலில் வராது என்றார். நீளவாக்கில் ஓடும் பாவுக்கு இளஞ்சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடைக்கு லேசான பழுப்பு. இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டி ஓடும்போதுதான் அந்த மினுக்கம் வரும். கட்டத்துக்குப் பாவிலும் ஊடையிலும் அரக்கு இழை எண்ணிக்கையை அவர் என் நோட்டிலேயே எழுதினார். கரையில் சரிகை வேண்டாம் என்று சொன்னேன், கறுப்பு வெள்ளைப் படத்தில் அங்கே மினுக்கம் எதுவும் தெரியவில்லை.

ஒரு புடவைக்காக மட்டும் பாவு போட முடியாது, குறைந்தது மூன்று புடவை எடுக்க வேண்டும் என்றார். அதற்கு ஆள் சேர்க்க ஒரு மாதம் ஆனது. ஒன்று எனக்கு, ஒன்று அந்த ஆசிரியைக்கு, ஒன்று சித்தப்பா மகளுக்கு, அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு. நெய்யச் சொல்லி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கூட்டு சேர்த்துவிட்டுப் போங்கள். முன்பணம், முடிக்கும் நாள், நிறம் மாறினால் என்ன செய்வது என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நூல் சாயம் போட்டு வந்ததும் ஒரு இழையைக் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல் விளக்கில் பார்த்துச் சரி சொல்லிவிடாதீர்கள். எங்களுக்கு முதல் சாயம் கொஞ்சம் ரோஸ் பக்கம் போய்விட்டது. இழையைப் பார்த்ததால் பாவு ஏற்றுவதற்கு முன்பே திருத்த முடிந்தது.

புடவை வந்த அன்று அரக்கு ரவிக்கையோடு கட்டி, பத்தர் செய்த ஜோடியைக் காதில் போட்டு, கழுத்தில் பதக்கத்தோடு மயிலாடுதுறைக்குப் பேருந்து ஏறினேன். சின்ன அப்பாயிக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி முந்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கட்டத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கரைக்கு வந்தார். கரையின் குறுக்கே விரல்களை வரிசையாக வைத்து அளந்தார்.

“கலரு அதேதான். கரை ஒரு விரக்கடை குறையுது, ஆத்தா.”

பையில் இருந்து நோட்டை எடுத்தேன். அப்பாயி படம் வரைந்த பக்கத்தில், கரைக்குப் பக்கத்தில் ‘4 விரல்’ என்று எழுதியிருந்ததை அடித்து ‘5’ என்று போட்டேன். அவர் என் காதைத் தொட்டு ஜிமிக்கியை ஆட்டிப் பார்த்தார். பிறகு மறு காதுக்குக் கை போனது. தோட்டைத் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப ஜிமிக்கியைத் தொட்டு, அது ஆடி நிற்கும் வரை விரலை அங்கேயே வைத்திருந்தார்.